சாவிக்கொத்து முதல் கடவுச்சொல் வரை: ஓர் அமானிதத்தின் வரலாறு

எங்கள் பெரியத்தா வஃபாத்தாகி ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. காந்திகிராமத்தை அடுத்து, சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் அவருடைய வீட்டில், நல்லடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குடும்பத்தார் ஒன்றுகூடி அமர்ந்தோம். மய்யித்தின் அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் வஸிய்யத், அதன்பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பது மார்க்கம் வகுத்த வரிசை. எனவே முதலில் கடனை அறிய வேண்டியிருந்தது.

அறையின் மூலையில் அவருடைய தந்தை காலத்து மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. பெரியம்மா எழுந்து சென்று, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து வந்தார். அரை நிமிடத்தில் பெட்டி திறந்தது. வீட்டுப் பத்திரம், இரண்டு பிராமிசரி நோட்டு, பழைய வங்கிப் பாஸ்புத்தகம், மனைவிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பு ஆகிய யாவும் ஒழுங்காக இருந்தன. ஆனால் அந்தக் காகிதங்களில் ஒன்றுகூடக் கடைசி எட்டு ஆண்டுகளைச் சேர்ந்ததன்று.

கடைசி எட்டு ஆண்டுகள் அவருடைய கைப்பேசிக்குள் இருந்தன. யாருக்குக் கொடுத்தார், யாரிடம் வாங்கினார், எந்த வங்கியில் வைப்புத்தொகை வைத்தார், எந்தக் காப்பீட்டுக்குப் பணம் கட்டினார் என்பன எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. அதைத் திறந்த கைரேகை மண்ணுக்குள் போய்விட்டது. ஆறு இலக்க எண்ணை அறிந்தவர் எவருமில்லை. நூறாண்டுப் பழைய பெட்டி அரை நிமிடத்தில் திறந்தது. மூன்றாண்டு வயதுடைய கைப்பேசி திறக்கவேயில்லை.

அவருக்குத் தர வேண்டியவர்கள் சிலர் தாமாக வந்து சொன்னார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர் தர வேண்டியிருந்தவர்கள் யார் என்பதுதான் எங்களை வருத்திய கேள்வி. கடன் அடைக்கப்படும்வரை மூமினுடைய ஆன்மா அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்ற நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வருத்தத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது. இரகசியத்தைக் காப்பதும், அதை உரியவரிடம் சேர்ப்பதும் எப்படி என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கடவுச்சொற்களின் காலத்தில் நாம் அதை எங்கே தவறவிட்டோம் என்று வரலாற்றினூடே தேடிப் பார்ப்போம்.

திண்டுக்கல் பூட்டு கற்றுத் தந்தது

திண்டுக்கல் நமக்கு அயலான ஊரன்று. 1755-இல் இங்கு பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஹைதர் அலி, மைசூரின் ஆட்சியாளராக உயர்ந்தது இந்த மலைக்கோட்டையிலிருந்துதான். அவருடைய இளைய சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கியிருக்கும் பள்ளிவாசலை ஒட்டிய பகுதி இன்றும் பேகம்பூர் என்றே வழங்குகிறது. அதே ஊரைத்தான் தமிழகம் முழுவதும் பூட்டின் பெயரால் அறிந்திருக்கிறது. இரும்பையும் பித்தளையையும் கையாலேயே வெட்டி, அராவி, பொருத்திச் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தபோது பட்டறைகள் பல அணைந்துவிட்டிருந்தன. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்து குவிந்தன. இளைஞர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். மூத்த கைவினைஞர்கள் மட்டும் எஞ்சினார்கள்.

அந்தப் பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டும். லீவர் எனப்படும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சாவியில் வெட்டப்பட்ட ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு ஒரு மயிரிழை குறைவாகவோ கூடுதலாகவோ எழுந்தால் தாழ்ப்பாள் நகராது. ஒவ்வொரு தகட்டுக்கும் 5 உயரங்கள் சாத்தியம் என்று கொள்வோம். 4 தகடு உள்ள பூட்டுக்கு 625 விதமான சாவிகள் அமையும். 6 தகடானால் 15,625. 8 தகடானால் 3,90,625. தகட்டை அழகுபடுத்துவதைவிட, தகட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பூட்டின் வலிமை. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் கடவுச்சொல்லுக்கும் இதுவே பொருந்தும்.

கையால் செய்த பூட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே அராவப்படுவதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. வீட்டு வாசலுக்கு ஒரு சாவி, நெல் அறைக்கு ஒன்று, நகைப் பெட்டிக்கு ஒன்று என நம் நன்னிமாக்களின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது அதனால்தான். வாசல் சாவி தொலைந்தாலும் நகைப் பெட்டி பத்திரமாக இருந்தது. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி செய்து தருமாறு எந்த நன்னிமாவும் ஆசாரியிடம் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. இன்று அதையேதான் நாம் செய்துகொண்டிருக்கிறோம்: மின்னஞ்சலுக்கும், வங்கிக்கும், மளிகை வாங்கும் செயலிக்கும் ஒரே கடவுச்சொல்.

சாவி ஓர் அமானிதம்

சாவியை யார் வைத்திருப்பது என்ற கேள்விக்கு இஸ்லாமிய வரலாற்றில் மிக உயர்ந்த முன்மாதிரி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630-இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் வழிவழியாக இருந்து வந்தது. நபி (ஸல்) அவர்கள் அச்சாவியைப் பெற்றுக் கஅபாவைத் திறந்து உள்ளே சென்றார்கள். வெற்றி பெற்றவர் சாவியைத் தம் குடும்பத்துக்கு எடுத்துக்கொள்வது அன்றைய உலக வழக்கம். நபியவர்களோ அதை உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் சூரா அந்நிஸாவின் 58-ஆம் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசுவார்கள்.

பனூ ஷைபா எனப்படும் அக்குடும்பத்தாரிடமே அச்சாவி இன்றுவரை இருக்கிறது. ஆட்சிகள் மாறின, பூட்டுகளும் பலமுறை மாறின. பழைய பூட்டுகளும் சாவிகளும் பல, இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2024 ஜூன் மாதம், சாவியின் பொறுப்பாளராக இருந்த ஷேக் ஸாலிஹ் அஷ்ஷைபி வஃபாத்தானபோது, சாவி அக்குடும்பத்தின் அடுத்த மூத்தவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கே இருக்கிறது, யாரிடம் போக வேண்டும் என்ற குழப்பம் எழவில்லை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு சாவி தொலையாமல் இருப்பதற்குக் காரணம் உலோகத்தின் உறுதியன்று. அதை வைத்திருப்பவர் யார், அவருக்குப் பின் யார் என்பது எப்போதும் தெளிவாக இருந்ததே காரணம்.

சாவி இல்லாத பூட்டு

கடவுச்சொல் என்பது கணினியோடு பிறந்தது என்று எண்ணுகிறோம். கையில் பிடிக்கும் சாவி இல்லாமல், மனத்தில் வைத்த எழுத்துகளால் திறக்கும் பூட்டு அதற்கு முன்பே இருந்தது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் டேவிட் அருங்காட்சியகத்தில் ஒரு பித்தளைப் பெட்டி உள்ளது. ஹிஜ்ரி 597-இல், அதாவது கி.பி. 1200-ஐ ஒட்டி, இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மத் இப்னு ஹாமித் என்ற கைவினைஞர் செய்தது. வானியல் கருவிகள் செய்யும் மரபைச் சேர்ந்தவர் அவர். அப்பெட்டியின் மூடியில் சுழலும் வட்டுகள் உண்டு. அவற்றை உரிய இடத்துக்குத் திருப்பினால் மட்டுமே திறக்கும். 1206-இல் அல் ஜஸரி தம் இயந்திர நூலை நிறைவு செய்தபோது, எழுத்துகளை ஒழுங்குபடுத்தித் திறக்கும் பூட்டொன்றின் அமைப்பையும் அதில் விளக்கியிருந்தார்.

அதற்கும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பு, பக்தாதில் வாழ்ந்த அல் கிந்தி இரகசிய எழுத்தை உடைக்கும் முறையை எழுதி வைத்தார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாகவே வரும். எனவே இரகசிய மடலில் எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணினால் அது எந்த எழுத்து என்று ஊகிக்கலாம் என்பது அவர் கண்டது. இம்முறையை விளக்கும் நூல்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பழையது. மனிதன் மறைத்ததாக நினைப்பதிலும் அவனுடைய பழக்கம் மறையாமல் நிற்கும் என்பதே அதன் உட்பொருள்.

நம் மண்ணிலும் மறைத்துப் பேசும் மரபு இருந்தது. ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று தமிழ் இலக்கணம் பெயரிட்டது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்கு வழங்கும் எடுத்துக்காட்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். நூறு பேர் சூழ்ந்து நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். கடவுச்சொல்லும் அத்தகையதே: ஊரறிய ஒரு கதவு, இருவர் மட்டும் அறிந்த ஒரு சொல்.

கணினியின் முதல் கடவுச்சொல்

1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்கக் கூடாதல்லவா? அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. அது கசிய அதிக காலம் ஆகவில்லை. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை என்பதால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966-இல் ஒரு கோளாறு நிகழ்ந்தது. அன்றைய அறிவிப்பு தெரிய வேண்டிய இடத்தில், நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் தெரிந்தன.

இரண்டிலும் தவறு ஒன்றே. கடவுச்சொற்கள் எழுதியபடியே, மறைக்கப்படாமல், ஒரே இடத்தில் இருந்தன. பின்னர் வந்தவர்கள் இதற்குத் தீர்வு கண்டார்கள். கடவுச்சொல்லை ஒரு கணித முறையால் அரைத்து, திரும்பப் பெற முடியாத மாவாக்கி, மாவை மட்டும் சேமித்தார்கள். நாம் சொல்லை உள்ளிடும்போது அதையும் அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று கணினி ஒப்பிடும். மாவைத் திருடியவருக்கு நெல் கிடைக்காது.

ஆயினும் அல் கிந்தி கண்ட பழக்கம் அங்கும் குறுக்கிட்டது. 1979-இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் ஆகிய இருவர் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து எழுதினார்கள். அவற்றில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதியில் உள்ள சொற்களாகவோ இருந்து, எளிதில் ஊகிக்கத் தக்கனவாக இருந்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2009 டிசம்பரில், ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடுபோயின. அவை மறைக்கப்படாமலேயே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது ‘123456’.

நம் சமூகத்துக்கும் தனிப் பழக்கங்கள் உண்டு. 786, பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு, பிஸ்மில்லாஹ் என்ற சொல்லோடு வண்டி எண் என்றெல்லாம் வைக்கிறோம். பரக்கத்தை நாடி வைக்கிறோம். ஆனால் பூட்டை உடைக்க வருபவனும் அதைத்தான் முதலில் முயல்வான். வாசலில் நின்று ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கும் திருடன் அல்லன் அவன். திருடிய மாவை வீட்டுக்குக் கொண்டுபோய், கணினியை வைத்து நொடிக்குக் கோடிக்கணக்கான சொற்களை அரைத்து ஒப்பிடுபவன்.

இங்கேதான் திண்டுக்கல் பூட்டின் கணக்கு வருகிறது. சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும் கொண்ட 8 எழுத்துச் சொல்லுக்கு ஏறத்தாழ 20,882 கோடிச் சாத்தியங்கள் உண்டு. பெரிதாகத் தோன்றினாலும் இன்றைய கணினிக்கு அது சிறிதே. மேலும் 4 எழுத்துகள் கூட்டினால் சாத்தியங்கள் 4,56,976 மடங்காகப் பெருகும். தகட்டை அலங்கரிப்பதைவிடத் தகட்டைக் கூட்டுவதே மேல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் முன்பு வெளியிட்ட வழிகாட்டிதான் பெரிய எழுத்து, எண், குறி ஆகியவற்றைக் கலக்கும் வழக்கத்துக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்துக்கும் உலகெங்கும் வித்திட்டது. அதை எழுதிய பில் பர் பின்னாளில் அதற்காக வருந்தினார். மக்கள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் 1, 2, 3 என மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அந்நிறுவனமே வழிகாட்டியைத் திருத்தியது: நீளமே முதன்மை, கசிந்தது தெரிந்தாலன்றிக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம்.

நீளமானதை எப்படி அமைப்பது? 1995-இல் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் ஒரு வழி சொன்னார். தாயக்கட்டையைப் போன்ற அறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டி, வரும் எண்ணுக்குரிய சொல்லை 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு சொற்கள் சேர்ந்தால் அது வலிய கடவுச்சொல்லாகும். சாரம் இதுதான்: சொற்களை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் தேர்வில் நம் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பழமொழியும், துஆவும், பாட்டின் வரியும் நீளமாக இருந்தாலும் பிறரும் அறிந்தவையே.

எங்கே எழுதி வைப்பது?

இத்தனை நீளமான சொற்களை, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்றாக, எவரால் நினைவில் வைக்க முடியும்? கடவுச்சொல்லை உலகுக்குத் தந்த கார்பட்டோவே, 2014-இல் ஒரு நாளிதழுக்குப் பேசியபோது, தம்முடைய கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்த மூன்று பக்கத் தாளில் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். எனவே எழுதி வைப்பது இழுக்கன்று. கணினிப் பாதுகாப்பு அறிஞர் புரூஸ் ஷ்னையரும், எளிய சொல்லை மனத்தில் வைப்பதைவிட வலிய சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைப்பது மேல் என்று 2005-இலேயே அறிவுறுத்தினார். நெடுந்தொலைவில் அமர்ந்திருக்கும் இணையத் திருடனுடைய கை நம் அலமாரிக்கு எட்டாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு நோட்டுப் புத்தகமே நல்லது. அதைப் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். கைப்பேசி உறைக்குள்ளும் மேசை இழுப்பறையிலும் வைக்கலாகாது. கணக்கின் பெயர் ஓரிடத்திலும், சொல்லின் பெரும்பகுதி அதன் எதிரிலும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிறு பகுதியை எழுதாமல் மனத்தில் வைக்கலாம். நோட்டு களவு போனாலும் அது முழுச்சாவி ஆகாது. ஆனால் அந்தச் சிறு பகுதியை வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏடிஎம் அட்டையின் பின்புறமும், கைப்பேசியின் தொடர்பு எண்களுக்கு நடுவிலும், வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்ளும் செய்தியிலும் எழுதி வைப்பதை விட்டுவிட வேண்டும்.

இளையவர்களுக்குக் கடவுச்சொல் பெட்டகச் செயலிகள் உதவும். ஷ்னையர் 1997-இல் ‘பாஸ்வேர்ட் சேஃப்’ என்ற ஒன்றை வெளியிட்டார். 2003 முதல் ‘கீபாஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. இன்று ‘பிட்வார்டன்’ முதலிய பலவும் உள்ளன. நூறு சாவிகளை ஒரு பெட்டியில் இட்டு, அப்பெட்டிக்கு ஒரே ஒரு பெரிய பூட்டுப் போடுவது போன்றது இது. அந்தத் தலைச்சாவி வலிமையாக இருந்தாக வேண்டும். 2022-இல் ‘லாஸ்ட்பாஸ்’ நிறுவனத்திடமிருந்து பயனர்களின் பெட்டகப் பிரதிகள் பூட்டிய நிலையிலேயே திருடப்பட்டன. குலுக்கி எடுத்த நீண்ட தலைச்சாவி வைத்திருந்தவருக்குக் காலம் கிடைத்தது; குறுகிய சொல் வைத்திருந்தவருக்கு ஆபத்து நேர்ந்தது. பெட்டியைச் சுமந்து சென்றுவிட்டாலும் பூட்டு தாங்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

மற்றொரு பழைய ஏற்பாடும் உண்டு. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவிகள். ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றது வங்கியிடம். பள்ளிவாசல் உண்டியலுக்கு முத்தவல்லியிடம் ஒரு சாவியும் பொருளாளரிடம் ஒரு சாவியும் இருக்கும் ஜமாஅத்துகளையும் நாம் அறிவோம். ஒருவர் மட்டும் தனியே திறக்க இயலாது. 2009 ஆகஸ்ட் முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிய இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு இந்த இரட்டைச் சாவி முறையே. நாம் இன்று ஓடிபி என்று அழைப்பது அந்த இரண்டாம் சாவி. அதைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், அவர் கேட்பது நம் உண்டியலின் மறுசாவியை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; பணம் கைமாறும் முன் தடுக்க அந்த முதல் சில மணிநேரமே உதவும்.

மின்னஞ்சல் கணக்கையும் சிம் எண்ணையும் தனியே கருத வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால் மாற்றுவதற்கான வழி அவ்விரண்டின் வழியாகத்தான் வருகிறது. அவை சாவிகளைச் செய்து தரும் பட்டறை. பட்டறையைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டிகளைப் பூட்டிப் பயனில்லை.

நமக்குப் பின் திறப்பவர் யார்?

எங்கள் குடும்பம் கற்ற பாடம் இதுதான். இதுவரை கூறியவை யாவும் பிறர் திறக்காமல் காப்பதைப் பற்றியவை. உரியவர் திறக்கக் கூடியதாக வைப்பது அமானிதத்தின் மறுபாதி.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் சூரா அல்பகராவின் 282-ஆம் வசனத்தில் விரிவாக அறிவுறுத்துகிறது. வஸிய்யத் செய்ய வேண்டியது ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. பெரியத்தா எழுதாதவர் அல்லர். பெட்டிக்குள் இருந்த காகிதங்கள் அதற்குச் சாட்சி. காகிதத்திலிருந்து கைப்பேசிக்கு மாறியபோது எழுதும் பழக்கம் மட்டும் கூடவே மாறி வரவில்லை.

இதில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். வாரிசுகளுக்கு முதலில் தேவைப்படுவது கடவுச்சொற்கள் அல்ல. எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் காப்பீடு, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பது தெரிந்தால், இறப்புச் சான்றிதழையும் உரிய ஆவணங்களையும் கொடுத்து வங்கியில் முறைப்படி கோரலாம். மறைந்தவரின் கடவுச்சொல்லைக் கொண்டு பணத்தை மாற்றுவது முறையன்று. பின்னர் வாரிசுகளுக்கிடையே மனக்கசப்புக்கும் அதுவே வித்தாகும். பத்தாண்டுகள் தீண்டப்படாத வங்கிக் கணக்குகளின் தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் செல்கிறது. அத்தகைய கணக்குகளைத் தேட 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையவாயிலை ரிசர்வ் வங்கி திறந்தது. அப்படியொரு வாயில் தேவைப்பட்டதே, நம்மைப் போன்ற குடும்பங்கள் எத்தனை என்பதைக் காட்டும்.

நாமினி நியமனத்தையும் நிறைவு செய்துவைக்க வேண்டும். ஆனால் நாமினி என்பவர் தொகையைப் பெற்று உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பாளரே தவிர, முழு உரிமையாளர் அல்லர். வாரிசுரிமைப் பங்கீடு அதனால் மாறிவிடாது. பெயர் எழுதப்பட்ட ஒரே காரணத்தால் சகோதரியின் பங்கை அண்ணன் வைத்துக்கொள்வது ஆகாது.

மின்னஞ்சலுக்கும் வழி உண்டு. நீண்ட காலம் பயன்படுத்தாமல் இருந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியைக் கூகுள் 2013-இல் கொண்டுவந்தது. ஆப்பிள் 2021 இறுதியில் அவ்வாறே ஒன்றை அளித்தது. எவற்றைத் திறக்கலாம், எவற்றைத் திறக்காமலே அழிக்க வேண்டும் என்றும் எழுதி வைப்பது நல்லது. இறந்தவரின் அந்தரங்கத்துக்கும் மதிப்பு உண்டு. துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் மார்க்கம், மரணத்துக்குப் பின் அதற்கு அனுமதி தந்துவிடவில்லை.

நாங்கள் செய்தது எளியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியலை எழுதி, ஒவ்வொரு ரமலானிலும் ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளில் அதைத் திருத்துகிறோம். சொத்தையும் கடனையும் எப்படியும் அன்று எண்ணியாக வேண்டும். பட்டியலும் அன்றே புதுப்பிக்கப்படுகிறது. கைப்பேசியின் எண்ணும் மின்னஞ்சலின் சொல்லும் தனியே ஓர் உறையில் ஒட்டப்பட்டு, உறையின் மீது கையெழுத்திடப்பட்டிருக்கிறது. உறை இருக்கும் இடத்தை இருவர் அறிவர். பிரித்தால் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும்.

ஐந்து மாதங்கள் கழித்து, சின்னாளபட்டியிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். பெரியத்தா தம்மிடம் சேலை எடுத்த வகையில் பாக்கி வைத்திருந்ததையும், கேட்கத் தயங்கி இத்தனை நாள் வராமல் இருந்ததையும் தலைகுனிந்தபடி சொன்னார். பெரியம்மா உடனே தொகையைக் கொடுத்து, அவரிடம் மன்னிப்பும் கேட்டார். அவர் போன பிறகு நெடுநேரம் எவரும் பேசவில்லை. இவரைப் போலத் தயங்கி வராமலே இருந்துவிட்டவர் இன்னும் எத்தனை பேர் என்ற எண்ணமே எல்லார் மனத்திலும் இருந்தது.

அந்த மாங்காய்ப் பூட்டு இன்னும் அதே பெட்டியில்தான் தொங்குகிறது. புதிய நோட்டுப் புத்தகமும் ஒட்டிய உறையும் இப்போது அதற்குள் இருக்கின்றன. சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இல்லை, வேறிடம் மாறிவிட்டது. அது எங்கே என்று பெரியம்மாவுக்கும் அவருடைய மூத்த மகளுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி இருவர் இருக்கிறார்களா என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள். நம் அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.